மச்சான் வாங்கிய ட்ரைபொட்

எண்பதுகளின் நடுவில், ஓர் இலையுதிர் காலத்தில், என் மனைவியின் தமையனுக்கு மான் வேட்டை ஆசை பிடித்தது. ஊரில் ஒரு முயலைக்கூட விரட்டியறியாதவர். குடிபெயர்ந்து வந்த அஜின்கோர்ட்டில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த தொழிற்சாலையில் எங்களை மேய்க்கும் போர்மன், தான் சுடுவதாகவும் நாங்கள் பைனாகுலரில் பார்த்துச் சொன்னால் போதும் என்றும் கூப்பிட்டதுதான் தாமதம், மச்சானின் நடையே மாறிவிட்டது.

பெரிய பைனாகுலரை மணிக்கணக்கில் கையில் பிடிக்க முடியாது. கை நடுங்கினால் காடே நடுங்கும். அதைத் தாங்க, மூன்று கால் வைத்த ட்ரைபொட் ஆளுக்கொன்று வாங்கக் கமராக் கடைக்குப் போனோம். நான் எடுத்தது கனமானது. கால்களை விரித்தால் தரையோடு தாழ்ந்து நிற்கும். தலையில் நீளக் கைப்பிடி. மெல்லத் தள்ளினால் பக்கவாட்டில் வழுக்கிப் போய், விட்ட இடத்தில் நிற்கும். நிலத்தில் குந்தியிருந்து பார்ப்பவனுக்கு வேறென்ன வேண்டும்?

மச்சானுக்கோ பளபளப்பு வேண்டும். மெல்லிய அலுமினியக் கால்கள், தலையில் ஓர் உருண்டை, அதை இறுக்க ஒற்றைத் திருகு.

"மச்சான், உது சின்னக் கமராவுக்குச் சரி. திருகைத் தளர்த்தினால் பைனாகுலர் தொங்கிப்போடும்."

"உமக்கென்ன தெரியும்? நடுத்தண்டை உயர்த்தினால் என்ர உயரத்துக்கு வருது, பாரும்!"

விற்பனையாளன் அதற்கும் ஆமாம் போட்டான். அவன் மானைக் கண்டது மிருகக்காட்சிச்சாலையில்தான் இருக்கும்.

வடக்கே ஒரு மேட்டில் காத்திருந்தோம். நானும் போர்மனும் நிலத்தில் இருந்தோம். மச்சான் மட்டும் கம்பம் போல நின்றார். காற்றில் அவருடைய ட்ரைபொட் வெடவெடத்தது. மதியத்துக்கு மேல் மரங்களின் ஓரத்தில் கொம்புள்ள ஒரு மான் வந்து நின்றது. நான் மெல்லக் கைகாட்டினேன். போர்மன் துவக்கை உயர்த்தினார். மச்சான் அவசரமாகத் திருகைத் தளர்த்தினார். பைனாகுலர் தலைகீழாகச் சரிந்து அலுமினியக் காலில் மோதிய சத்தம், சமையலறையில் சட்டி விழுந்தது போலக் கேட்டது. மான் போய்விட்டது. போர்மன் ஆங்கிலத்தில் ஒரு சொல் சொன்னார். அதை நான் வீட்டில் சொல்லவில்லை.

"பைனாகுலர் சரியில்லை" என்றார் மச்சான், வழிநெடுக.

வீட்டில் என் மனைவி, "அண்ணை, மான் கண்டனியளோ?" என்று கேட்டாள்.

"ஓம், கண்டனாங்கள். உன்ர மனிசன் இருமினவர், ஓடிட்டுது."

எனக்கு இருமலே இல்லை. இதே கதையை வோபர்னில் ஒரு பிறந்தநாள் வீட்டிலும் சொன்னார். அங்கே மான் கரடியாகியிருந்தது, கேட்டவர்கள் வாய்பிளந்தார்கள். என்னைப் பார்த்து, "இருமலுக்கு மருந்து எடுக்கேல்லையோ?" என்று ஒரு அன்ரி விசாரித்தா.

அடுத்த ஆண்டு போர்மன் என்னை மட்டும் கூப்பிட்டார். ஒரு பெண்மானும் குட்டியும் மேய்வதை நாள் முழுக்கப் பார்த்தேன்; அவர் துவக்கைத் தொடவேயில்லை. மச்சானுக்கு அதிலெல்லாம் அக்கறை இல்லை. அப்போது அவர் மீன்பிடிப்பதில் நிபுணராகியிருந்தார்.