வடக்கே செம்பு தேடிய சூசை

சூசை இறந்த செய்தி ஜான்-டலோன் சந்தையில், வெங்காயப் பெட்டிகளுக்கு நடுவே எனக்குக் கிடைத்தது. குளிர் அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டாராம். நாற்பத்தொரு வயது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இன்னும் மட்டக்களப்பில்.

சூசை என்ற இரண்டு எழுத்தையும் நானே எழுதியிருக்கிறேன். இந்த வயதில் படித்த எழுத்து. மெதுவாகத்தான் வருகிறது, ஆனாலும் வடிவாக வந்திருக்கிறது. அவரை அறிந்த உங்களுக்கு ஒன்று சொல்லவே எழுதுகிறேன்.

அகதியாக வந்த புதிதில் நாங்கள் இருவரும் இந்த நாட்டின் வடக்கே செம்பு தேடும் வேலைக்குப் போனோம். ஏரியில் இறங்கும் சின்ன விமானத்தில் கொண்டுபோய் விட்டார்கள். ஆதியில் எரிமலை கக்கிய பாறை. அதன்மேல் சேறு, கடித்துத் தள்ளும் நுளம்பு. நான் குழி தோண்டி, ஈர மண்ணைக் கையால் பிசைந்து, கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு மண்ணைப் பையில் இடுவேன். எனக்கு அப்போது எழுதத் தெரியாது; சூசை பையில் இலக்கம் எழுதுவார். கையில் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது என்பது அங்கே முதல் கட்டளை. என் விரலிலோ செப்பு மோதிரம். குடும்பம் வந்து சேரும்வரை கழற்றுவதில்லை என்று கோயிலில் வைத்த நேர்த்தி. காயம் என்று சொல்லிப் பிளாஸ்டர் சுற்றி மறைத்தேன்.

மண்ணைச் சோதித்த முடிவு வந்தது. நாங்கள் தோண்டிய குழி வரிசையில் மட்டும் முழுக்கச் செம்பு. பொறுப்பாளர் எங்களைக் கட்டிப்பிடித்தார். துளைக்கும் இயந்திரத்தைக் கொண்டுவர மரம் வெட்டத் தொடங்கினார்கள். அன்று கை கழுவும்போது பிளாஸ்டர் கழன்று விழுந்தது.

சூசை பார்த்தார். “மலையில ஒண்டும் இல்ல அண்ணே. செம்பு உங்கட விரலிலதான் கிடக்கு.”

“சொல்லிப்போடாதை தம்பி. வாற மாதம் எனக்கு அகதி விசாரணை. வேலைக் கடிதம் இல்லாட்டி என்ர கதை முடிஞ்சுது.”

“எனக்கும் விசாரணை இருக்குத்தானே.” விழுந்த பிளாஸ்டரைக் குனிந்து எடுத்தார். “சொல்லாட்டி இவங்க சும்மா கல்லைத் துளைப்பாங்க. கழட்டித் தாங்க. எனக்கு இங்கிலீசு இருக்கு, எங்கயும் பிழைப்பன். நீங்க இந்த வயசில எங்க போவீங்க?”

கழற்றிக் கொடுத்தேன். அதைத் தன் விரலில் போட்டுக்கொண்டு பொறுப்பாளரின் கூடாரத்துக்குப் போய், மண் பிசைந்தது தான்தான் என்றார். அடுத்த விமானத்தில் அவரை அனுப்பிவிட்டார்கள். எனக்குக் கடிதம் கிடைத்தது. என் குடும்பமும் வந்தது. அவருடைய விசாரணை தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

நாமெல்லாம் குடியிருக்கும் சென்ட் லோரன்ட்டில் நீங்கள் அவரை ‘மோதிரக்காரன்’ என்று கேலி செய்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். “பொன் மோதிரம் எண்டா பொன்மலை எண்டிருப்பாங்க” என்று அவரும் சிரிப்பார். ஒருமுறைகூட என் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை.

மோதிரம் என்னுடையது. அவர் மனைவிக்கும் இதையே எழுதப்போகிறேன். அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. எனக்காக அவர் சுமந்த பிழை இருக்கிறது. இனி அதை நான் வைத்துக்கொள்கிறேன்.