பேட்ரிக் தமிழை மறைத்த கதை

பினாங்கு மண்ணில் பிறந்தவர்களில் சிலர் பாலம் கட்டினார்கள். சிலர் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்துப் புகழடைந்தார்கள். ஜெலுத்தோங் அடுக்குமாடி வீடொன்றில் பிறந்த பேட்ரிக் பாக்கியநாதன் தம் எடிட்டரை அலங்கரித்தார். அப்படியானால் கணினி நிரல் எழுதவே இல்லையா என்று கேட்கக்கூடாது. எழுதினார், அலங்காரம் முடிந்து நேரம் மிஞ்சிய நாட்களில்.

அறிகுறி சிறுவயதிலேயே தெரிந்தது. மாதா கோயிலில் பீடச்சிறுவனாக இருந்தபோது மெழுகுவர்த்திகளை உயரவாரியாக அடுக்கிக்கொண்டே இருப்பார். பூசை தாமதமானதற்குக் காரணம் சாமியார்தான் என்று பங்கு மக்கள் இன்றும் நம்புகிறார்கள். பேட்ரிக் மறுத்ததில்லை.

எடிட்டர் என்பது நிரல் எழுதுகிறவர்களுக்கான மென்பொருள். தையற்காரருக்கு மேசை எப்படியோ அப்படி. அதன் நிறம், எழுத்துரு, இடைவெளி எல்லாவற்றையும் ஜேசன் என்ற வடிவில் ஒரு செட்டிங்ஸ் கோப்பில் எழுதி மாற்றிக்கொள்ளலாம். இடப்பக்கம் பொருளின் பெயர், வலப்பக்கம் நம் விருப்பம், சுற்றிலும் சுருள் அடைப்புக்குறி. உலகத்தில் வேறெங்கும் பேட்ரிக்கின் விருப்பத்தை யாரும் கேட்டதில்லை. இந்தக் கோப்பு கேட்டது. மனிதர் விழுந்துவிட்டார்.

அவர் வேலை பார்த்தது குவீன் ஸ்திரீட்டில், ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில். முதலாளி லோகேஸ்வரன். ஒரு கண் கிளினிக்கின் நோயாளிகளுக்கு, எந்த நாள் எங்கே வர வேண்டும் என்று நான்கு மொழிகளில் செய்தி அனுப்பும் செயலி அவர்களுடையது. மொழிக்கொரு கோப்புறை.

ஒருநாள் பேட்ரிக் தம் வாழ்நாளின் எழுத்துருவைக் கண்டடைந்தார். ஒவ்வொரு எழுத்தும் தன் கட்டத்துக்குள் அடக்கமாக உட்காரும் அழகு. ஒரே குறை, அதில் தமிழ் கிடையாது. தமிழ் வரிகள் வேறு எழுத்துருவை இரவல் வாங்கிக்கொண்டு, கொம்பும் காலும் கட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. எழுத்துருவை மாற்றுவதா, தமிழை மறைப்பதா? தமிழ்க் கோப்புறையைக் கண்ணில் காட்டாதே என்று செட்டிங்ஸில் ஒரு வரி எழுதினார். மறைத்த கோப்புறை இடப்பக்கக் கோப்புறைப் பட்டியலிலும் வராது, தேடினாலும் அகப்படாது. எடிட்டரின் வழக்கம் அப்படி.

எழுதியது தம் சொந்தக் கோப்பில் அல்ல; அலுவலகம் முழுவதற்குமான பொதுக் கோப்பில். மற்ற மாற்றங்களோடு சேர்ந்து அந்த வரியும் எல்லாருடைய கணினிக்கும் போனது. தமிழ்ச் செய்திகளை யாரும் தொடாத காலம் அது. ஒருவரும் கவனிக்கவில்லை.

பிறகு ஃபாத்தின் வேலைக்கு வந்தாள். சுங்கை பினாங் பகுதித் தமிழ் முஸ்லிம் பெண், முதல் வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை. கிளினிக் ஜெலுத்தோங்கிலிருந்து இடம் மாறியபோது எல்லா மொழிகளிலும் முகவரியை மாற்றும் பொறுப்பு அவளிடம் வந்தது. பழைய கட்டட எண்ணைப் போட்டுத் தேடினாள். மூன்று மொழிகள் வந்தன.

"அண்ணே, இதுல தமிழ் இல்லையா?" என்று பேட்ரிக்கிடம் கேட்டாள்.

காற்புள்ளிக்கு இளநீலமா சாம்பலா என்ற முக்கியமான முடிவில் இருந்தவர் திரும்பாமலேயே சொன்னார்: "இடப்பக்கம் இருக்கிறதுதான் எல்லாம் லா."

அடுத்த வாரம், தமிழில் செய்தி பெற்றவர்கள் எல்லாம் ஜெலுத்தோங்கின் பழைய முகவரியில், இப்போது டயர் கடையாகிவிட்ட இடத்தின் வாசலில் கண் பரிசோதனைக்குக் காத்திருந்தார்கள். கிளினிக்கிலிருந்து லோகேஸ்வரனுக்கு அழைப்பு வந்தது. அவர் ஃபாத்தினை அழைத்தார்.

"நீ வீட்ல தமிழ்தானே பேசுற? தமிழை மட்டும் விட்டுட்டியே, எப்படி?"

"தேடினேன் பாஸ். வரல."

"யாரையாச்சும் கேட்டியா?"

ஃபாத்தின் பேட்ரிக்கை ஒருமுறை பார்த்தாள். "சாப்பிட்டு வந்து தேடிக் காட்டுறேன் பாஸ்" என்று மட்டும் சொன்னாள்.

பேட்ரிக்குக்கு அந்த நொடியே எல்லாம் விளங்கிவிட்டது. அவள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், மனசாட்சி உள்ள எவரும் செய்வதைச் செய்தார்: தடயத்தை அழித்தார். அந்த வரியை நீக்கி, மாற்றத்தைப் பொதுவில் அனுப்பினார். இனி யாருக்கும் தீங்கில்லை என்று நெஞ்சில் சிலுவைகூடப் போட்டுக்கொண்டார்.

ஃபாத்தின் திரும்பி வந்து, முறைப்படி புதிய மாற்றங்களை இறக்கிக்கொண்டு, முதலாளி பார்க்கத் தேடினாள். நான்கு மொழிகள் வந்தன.

"இதோ இருக்கே லா!" என்றார் லோகேஸ்வரன்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், தன் கண்ணுக்கே பரிசோதனை தேவைப்படுவதைப் போல.

"வேலையை நிரந்தரமாக்கிறதைப் பத்தி நாளைக்குச் சொல்றேன்" என்று எழுந்து போனார் முதலாளி. அந்த 'நாளைக்கு' என்ன சொல்லும் என்று புரியாதவர் அங்கே எவருமில்லை.

அன்று மாலை வீட்டில் பேட்ரிக்கின் தாயார் அமலம்மாள் கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டிருந்தார்.

"பேட்ரிக்கு, டயர் கடையில என்னைய நிக்க வச்சுட்டானுங்கடா. நல்ல வேளை, அந்த சீனப் பையன் நாற்காலி போட்டான். உங்க ஆபிஸ் மெசேஜ்தானே அது?"

"ஆமாம்மா. புதுசா வந்த பொண்ணு ஒண்ணு... பார்க்காம விட்டுருச்சு."

"ஐயோ. திட்டினாங்களா?"

"வேலை போயிரும் போல."

அமலம்மாள் காலைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "சின்னப் பிள்ளை பாவம். இன்னிக்கு செபமாலை அவளுக்குத்தான். வேண்டுதல் கருத்தை நீயே சொல்லுடா."

ஆக, ஃபாத்தினின் வேலை போகக்கூடாதென்று மாதாவிடம் பேட்ரிக்கே மன்றாட வேண்டியதாயிற்று. பாவிகளுக்காக வேண்டிக்கொள்ளும் இடம் வரும்போதெல்லாம் குரல் இறங்கியது. செபமாலையில் அந்த இடம் எத்தனை முறை வரும் என்பது கத்தோலிக்கர்களுக்குத் தெரியும்.

மறுநாள் காலை லோகேஸ்வரனையும் ஃபாத்தினையும் தம் மேசைக்கு அழைத்தார். நீக்கிய வரியை அவர்கள் கண்முன்னே திரும்ப எழுதினார். தேடினார். மூன்று மொழிகள் வந்தன.

"நேத்து வரைக்கும் ஃபாத்தினுக்குத் தெரிஞ்சது இதுதான் பாஸ். மறைச்சது நான். அவ சாப்பிடப் போனப்ப எடுத்ததும் நான்தான். அவ என்கிட்ட கேட்டா, நான் திரும்பிக்கூடப் பார்க்கல."

லோகேஸ்வரன் திரையிலிருந்து திரும்பினார். "ஏன்டா, நீ தமிழன்தானே? மறைக்கணும்னா சீனத்தை மறைச்சிருக்கக் கூடாதா?"

"சீனம் கட்டத்துக்குள்ள அழகா உட்கார்ந்துச்சு பாஸ்."

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். ஃபாத்தின் சிரிக்கவில்லை.

"நான் உங்க பேரைச் சொல்லல அண்ணே."

"தெரியும்."

"நேத்தே சொல்லியிருக்கலாம்ல? ராத்திரி வாப்பாகிட்ட வேலை போச்சுன்னு சொல்லிட்டேன். அவர் சாப்பிடவே இல்ல."

இதற்கு எந்தக் கோப்பிலும் வரி இல்லை.

அன்றே ஃபாத்தினின் வேலை நிரந்தரமானது. பொதுக் கோப்பை பேட்ரிக் தொடக்கூடாது என்று தீர்ப்பானது. அமலம்மாளிடம் உண்மையைச் சொன்னபோது அவர், "அப்ப இன்னிக்கு உனக்கு" என்று செபமாலையை எடுத்தார். தமிழ் உள்ள எழுத்துரு ஒன்றுக்கு பேட்ரிக் மாறிவிட்டார். அது அழகாக இல்லை. அதைத் தவமாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

ஃபாத்தின் இன்றும் வேலை தொடங்கும்போது உடனே எடிட்டரைத் திறப்பதில்லை. முதலில் கணினியின் கோப்புறைகளை நேராகப் போய்ப் பார்க்கிறாள். பிறகு எடிட்டரின் இடப்பக்கத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறாள். பேட்ரிக் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, அவள் ஏதாவது கேட்பாள் என்று நாற்காலியை அந்தப் பக்கமே திருப்பிப்போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

அவள் கேட்பதில்லை.