அப்பா ஓட்டிவிட்ட இடங்கள்

ஆஸ்பத்திரிப் பிணவறையில் அவருக்கு வேலை. உடலை வாங்குவது, துடைப்பது, கால் கட்டைவிரலில் சீட்டுக் கட்டுவது, குளிர்பெட்டிக்குள் தள்ளுவது, உறவுக்காரர்கள் வந்தால் துணியை விலக்கி முகம் காட்டுவது. காதில் மட்டும் எந்நேரமும் ஒரு வயர் தொங்கும். பிணத்துக்குப் பக்கத்தில் பாட்டுக் கேட்கிறானே என்று புதிதாக வந்த டாக்டர்கள் முகம் சுளிப்பார்கள். பாட்டா? அட போங்கய்யா, மனுஷன் வீட்டுக்குக் கதை பொறுக்கிக்கொண்டிருந்தார்!

பழைய பெரிய நாவல்களையெல்லாம் யார் யாரோ புண்ணியவான்கள் வாசித்துப் பதிவு செய்து இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். சாயங்காலச் சாப்பாட்டு நேரத்தில் போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தால் வீடே கேட்கும். மனைவி, பதிமூன்று வயதுப் பெரியவள், ஏழு வயதுச் சின்னவள். தேர்வு முழுக்க அவர் பொறுப்பு. வாசிப்பவர் மூக்கால் பேசக் கூடாது, அவசரப்படக் கூடாது, அழுகிற இடத்தில் தானும் சேர்ந்து அழக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சாவு கூடாது.

அந்தக் கடைசிச் சட்டம்தான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. அந்தக் காலத்து எழுத்தாளர்களுக்கு நாலு பேரைக் கொல்லாவிட்டால் சோறு இறங்காது போலிருக்கிறது. அதனால் முதலில் வேலையிடத்தில் முழுக் கதையையும் தானே கேட்டு, யார் எங்கே சாகிறார்கள் என்று மனதில் குறித்துக்கொள்வார். வீட்டில் அந்த இடம் வந்ததும் விரல் தானாகப் போன் மேல் போகும். அந்த இடத்தைத் தாண்டி ஓட்டிவிட்டு, "அவரு வெளியூர் போயிட்டாரு, மேல கேளுங்க" என்பார்.

"அந்த வெளியூர்ல இந்நேரம் நிக்க இடம் இருக்காதுப்பா" என்று பெரியவள் ஒருநாள் சொன்னாள். மனைவி சிரித்துப் புரையேறிவிட்டாள். பகலெல்லாம் பார்ப்பது போதாதா, வாசல்படி தாண்டியும் அது வர வேண்டுமா என்பது அவர் கட்சி. அதில் தப்பு என்ன இருக்கிறது?

தப்பு பிறகுதான் தெரிந்தது. மனைவிக்குக் குடலில் கட்டி. அவர் வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் படுத்தாள். "இனிமே மருந்து இல்ல, வலி தெரியாம பாத்துக்கலாம்" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். பிள்ளைகளிடம் அவர் சொன்னதோ, "அம்மாவுக்குக் குணமாயிட்டு வருது. சின்னப் பசங்களை உள்ள விட மாட்டாங்க."

மனைவிக்கு விஷயம் தெரியும். எலும்பும் தோலுமான கையால் அவர் சட்டையைப் பிடித்தாள்.

"என்னங்க, புள்ளைங்களைக் கூட்டிட்டு வாங்க. நெனவு தெளிவா இருக்கும்போதே பாத்துடறேன். ஆனா உண்மையைச் சொல்லிக் கூட்டிட்டு வாங்க. இந்தக் கோலத்துல திடீர்னு பாத்தா பயந்துடும்ங்க."

"நாளைக்குச் சொல்லிடறேன்."

நாளை வந்தது, போனது. ஊரார் பிணத்தையெல்லாம் முகம் திறந்து காட்டுகிறவருக்கு இரண்டு பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்ல நாக்கு எழவில்லை. கடைசியில் ஒரு யோசனை பிறந்தது. யோசனையா அது, கண்றாவி! ஒரு கதை தேடினார். அம்மா நோயில் சாகிற கதை, மெதுவாக, அன்பாக, பிள்ளைகள் பக்கத்தில் இருக்கச் சாகிற கதை. சலித்துச் சலித்து ஒன்றைப் பிடித்தார். ஒன்பதாம் பாகத்தில் அந்த அம்மா போவாள். அன்றைக்கு ஓட்டாமல் விட்டுவிடுவது, பிள்ளைகள் கேட்பார்கள், அப்படியே பேச்சைத் தொடங்கிவிடுவது.

பிணவறைக் காவலாளி தலையில் அடித்துக்கொண்டார். "தலையைச் சுத்தி மூக்கைத் தொடறீங்கண்ணே. இன்னைக்கே வாயைத் தொறந்து சொல்லுங்க."

"பாகம் பாகமா கேட்டாத்தான் மனசு பக்குவப்படும்" என்றார் இவர். தினம் ஒரு பாகம் ஓடியது. தினமும் மூன்றாம் மாடியில் மனைவி கேட்டாள், "சொல்லிட்டீங்களா?"

"ஆரம்பிச்சுட்டேன்."

அவள் அதை நம்பினாள், பாவி மகள். வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

ஆறாம் பாகம் முடிந்த மறுநாள் மத்தியானம், மேலேயிருந்து ஸ்ட்ரெச்சர் இறங்கி வந்தது. "நீங்க தள்ளிப் போங்கண்ணே, நான் பாத்துக்கறேன்" என்று காவலாளி தடுத்தும் கேட்கவில்லை. தானே வாங்கினார், தானே துடைத்தார், தானே சீட்டுக் கட்டினார். அன்று காதில் வயர் இல்லை.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். தட்டுகள் வந்தன. போன் செம்பில் சாய்ந்தது. சொல்ல அப்போதும் வாய் வரவில்லை. ஒன்பதாம் பாகத்தைப் போட்டார்.

"அப்பா, நேத்து விட்ட எடம் இது இல்லையே" என்றாள் சின்னவள்.

கதையில் அந்த அம்மா பிள்ளைகளைப் பக்கத்தில் கூப்பிட்டாள். ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்தாள். மூச்சு வாங்கியது. சின்னவள் தன் தட்டை விட்டுவிட்டு அவர் விரலையே பார்த்தாள்.

"அப்பா, ஓட்டிவிட மறந்துட்டியே!"

விரல் நகரவில்லை. அந்த அம்மா செத்தாள்.

பெரியவள் எட்டிப் போனை நிறுத்தினாள். "எப்பப்பா?" என்றாள்.

"மத்தியானம்."

"எங்களைக் கேட்டாங்களா?"

பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம் அது. ஆனால் அவரிடம் பொய் தீர்ந்துபோயிருந்தது.

"தெனமும் கேட்டா. நான்தான் சொல்லல."

பெரியவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் திரும்பித் தங்கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா எப்ப வருவாங்க?" என்றாள் சின்னவள். "வெளியூர் போயிட்டாங்களா?"

"இல்லடி. வெளியூருக்கு யாருமே போகல. அப்பா ஓட்டிவிட்ட எடத்தையெல்லாம் நான் திரும்பப் போட்டுக் கேட்டிருக்கேன். எல்லாரும் செத்துட்டாங்க. அம்மாவும் செத்துட்டாங்க."

சின்னவள் வீறிட்டாள். அவர் கைநீட்டினார். அவள் அக்காவின் தோளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

விடிந்ததும் இருவரையும் கூட்டிப் போய் அந்தத் துணியை விலக்கிக் காட்ட வேண்டும். அது அவர் வேலை.