டேப்பக்காவின் மரப்பெட்டி

ஜூன் 4. 55, 40, 20. வெறும் பை 2.1 கிலோ. சரி.
ஜூன் 4. 55, 40, 23. வெறும் பை 2.9 கிலோ. வேண்டாம்.
ஜூன் 6. 54, 38, 20. வெறும் பை 1.8 கிலோ. தங்கம்.
ஜூன் 9. சீட்டில் 55. சக்கரத்தோடு 58. பொய்.

ஐந்தாவது வரியை எழுதுவதற்காகப் பைக்கடை அக்கா தரையில் மண்டியிட்டு, ஒரு கறுப்புப் பையின் சக்கரத்துக்குக் கீழே டேப்பின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருக்கிறார். பென்சில் வாயில். விமானத்துக்குள் கையோடு எடுத்துப்போகும் பைகள்தான் கடையில் பாதிக்கு மேல். சரக்கு வந்திறங்கினால், ஒவ்வொன்றையும் இப்படி அளந்து நோட்டில் ஏற்றாமல் அலமாரியில் வைக்க மாட்டார்.

"கம்பெனிக்காரன் சக்கரத்தைக் கணக்குல சேக்க மாட்டான் சார். ஏர்போர்ட்டுல சேப்பான். நடுவுல நிக்கிறது நம்ம ஆளு."

வயது ஐம்பத்திரண்டு. தையற்காரர்கள் போல டேப் எப்போதும் கழுத்தில் தொங்கும். அடுத்த செருப்புக்கடைக்காரர் வைத்த பெயர் டேப்பக்கா. அவருடைய கணவர் பேருந்து ஓட்டுகிறார். "வீட்டுல தோசை சுட்டாலும் விட்டம் பாத்துட்டுத்தான் தட்டுல போடுவா" என்று அவர் ஒருமுறை என்னிடம் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டே அக்கா அளந்து முடித்தார்.

நாற்பத்தோரு ஆண்டுகள் தராசுகளுக்கும் அளவுகோல்களுக்கும் முத்திரை வைக்கும் அலுவலகத்தில் இருந்தவன் நான். கடைக்கு மேல் மாடியில் குடியிருக்கிறேன். வாரத்தில் மூன்று காலைப்பொழுது அந்தக் கடையில் ஒரு முக்காலியில் உட்காருவேன். அங்கே பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

பை வாங்க வருகிறவர்கள் முதலில் நிறத்தைப் பார்ப்பார்கள். அக்கா நிறத்தைப் பற்றிப் பேசுவதில்லை. "எத்தனை கிலோ விடறான்?" என்பார். ஏழு என்று பதில் வரும். "பையே மூணு கிலோன்னா நீங்க பையைத்தான் தூக்கிட்டுப் போறீங்க, சாமானை இல்ல." நான்கு சக்கரப் பையை யாராவது தரையில் உருட்டி மகிழ்ந்தால், "நல்லாத்தான் ஓடும். உயரத்துல மூணு சென்டிமீட்டரத் தின்னுட்டு ஓடும்" என்பார். விரித்துப் பெரிதாக்கும் ஜிப் உள்ள பைகளில் அந்த ஜிப்பை இரண்டு தையல் போட்டு மூடித்தான் விற்பார். "வாய் இருந்தா திறக்கத்தான் தோணும்."

பழைய போர்வைகளைச் சுருட்டிக் கட்டிய மூட்டை ஒன்று உண்டு. சரியாக ஐந்து கிலோ. அதன் பெயர் பாப்பா. வெறும் பையை அளப்பதில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. பாப்பாவை உள்ளே வைத்து ஜிப்பை இழுத்த பிறகுதான் பை மரப்பெட்டிக்குப் போகும்.

அந்த மரப்பெட்டிதான் கடையின் நீதிமன்றம். மேல்பக்கம் திறந்தது. உள்ளளவு 55, 40, 20. இங்கிருந்து பறக்கும் விமானங்களில் மிகக் கறாரான கம்பெனியின் அளவு அது. அந்தக் கம்பெனிக்குக் கடிதம் எழுதி, பதில் வாங்கி, அதைத் தச்சரிடம் காட்டிச் செய்தது. பையை உள்ளே விட்டு, பெட்டியோடு கவிழ்ப்பார். பை தானாக வெளியே விழ வேண்டும். "உள்ள போறது பெரிசில்ல. திரும்பி வரணும்." துணிப்பைகளுக்கு இந்தப் பெட்டியை விட்டால் வேறு வழியில்லை. அவற்றின் தடிமன் டேப்புக்குப் பிடிபடாது. அழுத்தினால் பதினெட்டு, விட்டால் இருபத்திரண்டு. பெட்டி செய்த அன்று என்னுடைய எஃகு அளவுகோலால் சரிபார்த்து, முன்பலகையில் தேதி போட்டுக் கையெழுத்திட்டு ஒரு சீட்டு ஒட்டினேன்.

அவர் விமானம் ஏறியதில்லை. "ஏறினா கையை வீசிக்கிட்டு ஏறுவேன் சார். இத்தனை பேருக்குப் பை பாத்துட்டு நானும் ஒண்ணைத் தூக்கணுமா?"

ஆகஸ்ட் 21 அன்று ஒரு பெண் வேகமாக உள்ளே வந்தாள். பல் மருத்துவமனையில் செவிலி. சீருடையைக்கூட மாற்றவில்லை. கையில் ஒரு துணிக்கட்டு.

"அக்கா, நாளைக்குக் காலையில ப்ளைட். அம்மாவுக்கு ரொம்ப முடியல. கையில கொண்டுபோற பை மட்டும்தான் விடுவாங்க. அந்த டிக்கெட்டுதான் கிடைச்சுது."

"கட்டுல என்ன?"

"நாலு துணி. அப்புறம் இது." செங்கல் நிறத்தில் தடித்த ஸ்வெட்டர். அவளே அம்மாவுக்காகப் பின்னியது. "அங்க குளிரு. போன வருஷமே குடுத்திருக்கணும்."

கெட்டிப் பைகளில் ஸ்வெட்டர் அடங்கவில்லை. மூன்றாவதாக ஒரு துணிப்பை எடுத்தார். அடங்கியது. மரப்பெட்டியில் இறங்கியது, கவிழ்த்ததும் விழுந்தது. அந்தப் பெண் அப்போதும் தயங்கினாள். "நிறுத்திட்டாங்கன்னா? அடுத்த ப்ளைட்டுக்கு என்கிட்ட வழியில்லக்கா."

"யாரும் நிறுத்த மாட்டாங்க. நான் சொல்றேன், போ."

செப்டம்பர் 8. ஒரு மனிதர் அதே மாதிரித் துணிப்பையை மேசைமேல் வைத்தார். கோபக்காரர் அல்ல. களைத்தவர். "உங்க பெட்டியில ஒல்லியா இருந்துச்சு. அங்க போனதும் எப்படிங்க குண்டாயிடுச்சு?" ஏறும் வாசலில் அவரைத் தனியாக நிற்கவைத்துவிட்டார்களாம். அவருக்கு முன்னால் வைத்தே அக்கா பாப்பாவைத் திணித்துப் பெட்டியில் விட்டார். இறங்கியது. அக்கா பெட்டியையே பார்த்தார். பிறகு கழுத்திலிருந்து டேப்பை எடுத்து, பைக்குப் பதிலாகப் பெட்டியை அளந்தார்.

இருபத்திரண்டு.

ஜூலை 12 அன்று பின்பலகை விரிசல் விட்டதால் தச்சர் புதுப்பலகை அடித்தார். பழைய பலகை பக்கவாட்டுப் பலகைகளுக்கு நடுவில் பொருந்தியிருந்தது. புதியதை அவற்றுக்கு வெளியே வைத்து அடித்துவிட்டார். பலகையின் தடிமன் இரண்டு சென்டிமீட்டர். அந்த இரண்டு சென்டிமீட்டர் உள்ளே கூடிவிட்டது. முன்பலகையில் என் சீட்டு அப்படியே இருந்ததால் அக்காவும் மறுபடி அளக்கவில்லை, நானும் அளக்கவில்லை. டேப் இருபத்திரண்டு காட்டிய அன்றே சீட்டைக் கிழித்தேன்.

முகவரியோடு எழுதிவைக்கும் பில் புத்தகத்தைப் புரட்டினோம். ஜூலை 12க்குப் பிறகு போன துணிப்பைகள் பதினொன்று. எல்லாருக்கும் கடிதம் எழுத உட்கார்ந்தார். போன் செய்யலாமே என்றேன். "போன்ல சொன்னா சண்டை மாதிரி ஆயிடும் சார். எழுதினா நிதானமா படிப்பாங்க." உங்களுக்குத் தந்த பை இரண்டு சென்டிமீட்டர் கூடுதல், தவறு என்னுடையது, கொண்டுவந்தால் வேறு பை தருகிறேன். இவ்வளவுதான் கடிதம். செருப்புக்கடைக்காரர் எட்டிப்பார்த்து, "யானை வித்தவன்கூட இவ்வளவு எழுதமாட்டான்க்கா" என்றார். "யானைய யாரும் ப்ளைட்டுல ஏத்தல, போய் உங்க செருப்பை அடுக்குங்க" என்றார் அக்கா.

அக்டோபர் 30க்குள் பத்துப் பேர் வந்துபோனார்கள். அவர்களில் இரண்டு பேர் இருக்கிற பையே போதும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். செவிலிக்கு எழுதியது மட்டும் திரும்பி வந்தது. போன் எண்ணும் உயிரோடு இல்லை. அக்கா அவள் குடியிருந்த வீட்டுக்கே போனார். அறையைக் காலி செய்து ஆகஸ்டிலேயே போய்விட்டாள் என்று வீட்டுக்காரம்மா சொல்லி, அம்மா வீட்டு முகவரியைக் கொடுத்தார். நவம்பர் 5 அன்று அந்த முகவரிக்கு எழுதினார்.

அதற்குப் பிறகு கடையில் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். பெட்டி சரியாகிவிட்டது. ஆனால் "நான் சொல்றேன்" என்ற பேச்சு நின்றுபோனது. யாராவது "கண்டிப்பா விடுவாங்களா?" என்று கேட்டால் டேப்பைக் கழற்றி அவர்கள் கையில் கொடுப்பார். "பெட்டியை நீங்களே அளந்துக்கங்க." மேசைக்கடியில் சரியான அளவுள்ள ஒரு துணிப்பை, செவிலியின் பில் எண் எழுதிய சீட்டோடு காத்திருந்தது. இரண்டு முறை வாடிக்கையாளர்கள் அதைக் கேட்டார்கள். கொடுக்கவில்லை.

"ஏறும்போது நிறுத்தியிருந்தா அவ என்ன பண்ணியிருப்பா சார்?" என்று ஒருநாள் கேட்டார். பாப்பாவின் கட்டை இறுக்கிக்கொண்டிருந்தார். "அங்க நின்னு கெஞ்சிக்கிட்டு இருக்கும்போது ப்ளைட் போயிருந்தா? அவங்க அம்மா அங்க..." முடிச்சு ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது. அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். "நான் சொல்றேன்னு சொல்லிட்டேனே."

பதில் வந்தபோது நான் முக்காலியில் இருந்தேன். கவரை டேப்பால் அளக்காமல் பிரித்தார். நின்றபடியே படித்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"அக்கா, உங்க கடிதம் கைக்கு வர லேட்டாயிடுச்சு. அன்னைக்கு வாசல்ல நிறுத்தினாங்க. அவங்க பெட்டியில பை இறங்கல. வரிசை நகந்துகிட்டே இருந்துச்சு. ஸ்வெட்டரை வெளிய எடுத்து நானே போட்டுக்கிட்டேன். பை இறங்கிடுச்சு. அந்த வேர்வையில அதோடயே பறந்தேன். வீட்டுக்குப் போய் அப்படியே கழற்றி அம்மாவுக்குப் போட்டுவிட்டேன். சூடா இருக்குடின்னாங்க. என் உடம்புச் சூடு. அதுக்கப்புறம் பதினெட்டு நாள் இருந்தாங்க. தினமும் அதையேதான் போட்டுக்கிட்டாங்க. பையை மாத்த வேண்டாம்க்கா. அது சரியான அளவா இருந்திருந்தா ஸ்வெட்டர் அடங்கலன்னு உங்க கடையிலயே விட்டுட்டுப் போயிருப்பேன்."

படித்துவிட்டுத் திருப்பி நீட்டினேன். அவர் வாங்கவில்லை. வலது கையை முகத்துக்கு நேரே தூக்கி, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு, அந்த இடைவெளி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். டேப் கழுத்தில்தான் இருந்தது. அதைத் தொடவில்லை. எத்தனை சென்டிமீட்டர் என்று நானும் கேட்கவில்லை.

கடிதம் வந்த தேதி: ஜனவரி 23.