நான் எழுதிய நோட்டீஸ், சோணைமுத்து வாசித்த நோட்டீஸ்

போன திங்கட்கிழமை எனக்குப் பிரமோஷன் கிடைத்திருக்க வேண்டும். ஏன் கிடைக்கவில்லை என்று சொல்கிறேன்... சிரிக்கக் கூடாது.

இந்தப் பத்தி எழுதுவது போக, செல்லூரில் ஒரு சாயப்பட்டறைக்கு நான் மேனேஜர் என்பது உங்களுக்குத் தெரியும். இருபது பேர் நூலுக்குச் சாயம் தோய்க்கிறார்கள். யாருக்கு என்ன வேலை என்பதில் தினமும் ரகளை. சிவப்பு நூலைப் பிழிய நாலு பேர் நிற்பார்கள். பச்சை நூல் கேட்பாரில்லாமல் தொட்டியிலேயே ஊறும்.

அப்போதுதான் சீமையில் அச்சான நிர்வாகப் புத்தகம் ஒன்று அகப்பட்டது. ஆட்களிடம் எதிர்பார்ப்பதை எழுதி வை என்றது. எழுதினேன் — பத்து ஷரத்துகள்! முதல் ஷரத்தை மட்டும் கேளுங்கள்: ‘தொழிலாளிகள் யாவரும் தத்தம் கடமைகளைச் சிரத்தையுடனும் ஜாக்கிரதையுடனும் நிர்வகிக்கக் கடவர்.’ வாசலில் ஒட்டினேன்.

நம்புவீர்களா? ஒரே வாரத்தில் பட்டறை திருந்திவிட்டது. எனக்கு மரியாதையும் கூடிவிட்டது. நான் தொட்டிப் பக்கம் போனால் போதும், யாராவது மோர்ச் செம்புடன் ஓடிவந்து, “வெயிலா இருக்கு, வாங்கய்யா” என்று ஆபீசுக்கு அழைத்துப் போய்விடுவார்கள்.

செய்தி முதலாளி காதுக்குப் போயிற்று. விளாங்குடியில் அவர் தொடங்கும் பெரிய பட்டறைக்கு என்னையே போடுவதாகப் பேச்சு. அந்த வேலைக்கு நான் எப்படி ஏங்கினேன் என்பது என் மனைவிக்குத்தான் தெரியும்.

திங்கட்கிழமை காலை முதலாளி ஜட்காவில் வந்து இறங்கினார். நூல் பிழிந்துகொண்டிருந்த பேச்சியம்மாளிடம், “நோட்டீஸ்ல உனக்கு என்னம்மா வேல போட்டிருக்கு?” என்று கேட்டார்.

“செவப்பு நூலப் பிழியறது நானும் மாரியும். பச்சைக்கு வேற ஆளு. மேகம் கறுத்தா அம்புட்டுப் பேரும் கைவேலையப் போட்டுட்டு, காயுற நூல அள்ளணும். சாயம் பிசகிப் போனா ஒளிக்காம ஒடனே சொல்லணும்.”

இதில் ஒன்றுகூட நான் எழுதியதில்லை!

“அப்புறம்... மேனேஜர் அய்யா தொட்டிப் பக்கம் வந்தா, மோரக் குடுத்து ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போயிரணும். அங்கன நின்னா ஆளுக்கு ஒண்ணு சொல்லி வேலையக் கொழப்பிருவாகளாம்.”

“யாரு சொன்னது?” என்றார் முதலாளி.

“நோட்டீஸ்ல இருக்காமே! சோணைமுத்து அண்ணேதான் வாசிச்சுக் காட்டுனாரு.”

சோணைமுத்து எங்கள் வாட்ச்மேன். இருபது வருஷம் தொட்டியடியில் நின்று, முழங்கால் வலி தாங்காமல் வாசலுக்கு மாறியவர். ஆட்களில் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். இதை யோசிக்கும்படி அந்தப் புத்தகம் எனக்குச் சொல்லவில்லையே!

கூப்பிட்டேன். “ஏய்யா, நான் எழுதுனதையா வாசிச்சீரு?”

“ஆமாங்கய்யா. எனக்குப் புரியாதத மட்டும் விட்டுட்டு, அந்த எடத்துல நம்ம வேலையச் சொன்னேன்.”

“எம்புட்ட விட்டீரு?”

தலையைச் சொறிந்தார். “பத்தையுந்தான்.”

முதலாளி சிரித்த சிரிப்பில் ஜட்காக் குதிரை மிரண்டது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது — யார் மேல் என்றுதான் தெரியவில்லை. வாசலுக்குப் போய் என் நோட்டீசை ஒருமுறை நிதானமாக வாசித்தேன். யார் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்கே விளங்கவில்லை.

அந்த விளாங்குடி வேலைக்குச் சோணைமுத்து போய்விட்டார். நான் செல்லூரிலேயே இருக்கிறேன்.

மோர் மட்டும் வேளை தவறாமல் வந்துகொண்டிருக்கிறது.