கொக்கியின் நல்ல நாட்கள்

அந்தத் தெருவில் அவருக்கு இரண்டு பெயர். ஃபிரிட்ஜ் கெட்டுப்போனால் "மெக்கானிக்". மற்ற நேரங்களில் "ஓணான்காரர்". இரண்டாவது பெயரை அவர் தேடிப் போகவில்லை. வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகவிருந்த ஒரு குடும்பம், ஃபிரிட்ஜுக்கு கேஸ் நிரப்ப வந்தவரிடம் கண்ணாடித் தொட்டியில் இருந்த, தொண்டையில் தாடி போல முள் வரிசை கொண்ட இரண்டு தாடி ஓணான்களைக் காட்டி, "இதுங்களையும் நீங்களே பாத்துக்கறீங்களா?" என்று கேட்டது. முகத்தைப் பார்த்துக் கேட்டால் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனிதர். தொட்டியை வண்டியின் பின்னால் கயிறு போட்டுக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

வீட்டில் அவரும் அக்காவும் மட்டும்தான். அக்கா பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். இருவருக்குமே கல்யாணம் ஆகவில்லை. ஆகாததற்கு ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுச் சிரித்துக்கொள்வார்கள்.

தொட்டியைப் பார்த்ததும் அக்கா கதவருகிலேயே நின்றுவிட்டார்.

"டேய், இது உள்ள வந்தா நான் வெளிய போறேன்."

"தாடியைப் பாருக்கா. பெரிய மனுஷன் மாதிரி இல்ல?"

"உனக்குத்தான் தாடி ஒழுங்கா வளரல. வளந்ததைக் கொண்டுவந்து வெச்சுக்கப் பாக்கறியா?"

அக்கா வெளியே போகவில்லை. இரண்டு நாள் அந்தப் பக்கமே திரும்பாமல் இருந்தார். மூன்றாம் நாள் கீரை நறுக்கும்போது தண்டை ஒதுக்கி, இலையை மட்டும் ஒரு தட்டில் தனியாக வைத்தார்.

அந்த ஜோடி முட்டையிட்டது. முதல் தடவை பொரித்த குட்டிகளில் ஒன்றுக்குக் கண்களே இல்லை. வயிறும் மூடாமல் பிளந்திருந்தது. பிழைக்காது என்று பார்த்தவுடனே தெரிந்தது. துடிக்க விடவும் மனசில்லை, நசுக்கவும் கை வரவில்லை. தன் ரிப்பேர் கடையில் இருந்த ஃப்ரீசர்தான் அவர் நினைவுக்கு வந்தது. குளிரோடு இருபத்தாறு வருடம் பழகியவர். குளிரில் எல்லாமே மெல்ல அடங்கும், தூங்குவது போலத்தான் இருக்கும் என்று நம்பினார். குட்டியைப் பஞ்சில் சுற்றி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார். அக்காவிடம், "நல்லபடியா அனுப்பிட்டேன்" என்றார்.

அடுத்த தடவை முட்டையிலிருந்து வந்த குட்டிகளில் ஒன்றுக்கு முதுகெலும்பு கொக்கி போல வளைந்திருந்தது. பின்னங்கால்கள் தீக்குச்சி கனம். நேராக நடக்க முயன்றால் வட்டமடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். ஆனால் கண்கள் பளிச்சென்று இருந்தன. இதை ஃப்ரீசரில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. ஊர்வன பற்றித் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, சட்டைப்பெட்டி ஒன்றில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்.

டாக்டரம்மா குட்டியைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தான் ஒன்றும் கல்நெஞ்சன் இல்லை என்று காட்டுவதற்காக அவர் முதல் குட்டியின் கதையைச் சொன்னார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"இனிமே அப்படிச் செய்யாதீங்க. குளிர்ந்தா இதுங்களால அசைய முடியாது, அவ்வளவுதான். அசையலங்கறதால வலி இல்லன்னு ஆயிடாது. உடம்புக்குள்ள பனித் துகள் உண்டாகும். கத்தத் தெரியாத பிராணிங்க. அதனால நமக்குத் தெரியறதில்ல."

அன்று அவர் கடையைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னார்.

"தெரியாமதானடா செஞ்ச" என்றார் அக்கா.

"நான் தெரியாம செஞ்சேன்னு அதுக்கு வலிக்காம இருந்திருக்குமா?"

அக்கா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

வளைந்த குட்டியை வாழவிடலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். "சாப்பிடுது, சுத்திமுத்திப் பாக்குது. அதுக்கு நல்லா இருக்கற வரைக்கும் இருக்கட்டும்." அக்கா அதற்குக் கொக்கி என்று பெயர் வைத்தார். புழுவைத் தொடவே அருவருத்த அக்கா, இடுக்கியில் புழுவைப் பிடித்து அதன் வாயருகே நீட்டப் பழகினார். இடுக்கி தள்ளிப் போனால் கொக்கிக்குக் கோபம் வரும்; தாடியைக் கறுப்பாக்கிக் காட்டும். "கோவத்தைப் பாரு, எங்க ஹெட்மாஸ்டர் தோத்தார்" என்பார் அக்கா. காலையில் ஜன்னல் வெயிலில் அக்காவின் உள்ளங்கைதான் அதற்குப் படுக்கை. சூடு ஏறியதும் ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொள்ளும்.

இப்படி மூன்று வருடம் ஓடியது.

அதன் பிறகு எலும்பு நொய்ந்துபோனது. தாடை ரப்பர் போல வளைந்தது, பின்பாதி முழுக்க மரத்துவிட்டது. கழிவு வெளியேறவும் வெந்நீரில் உட்காரவைத்து வயிற்றை நீவிவிட வேண்டியிருந்தது. டாக்டரம்மா எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்து, இதற்கு மேல் மருந்தால் திருப்ப முடியாது என்றார். வலிக்கு மருந்து கொடுத்தார். கூடவே ஒரு வேலையும் கொடுத்தார்.

"காலண்டர்ல தினமும் குறிச்சு வைங்க. வெயிலுக்குத் தானா தலையைத் திருப்புதா, தானா வாயைத் திறக்குதா, தொட்டா கண்ணைத் திறக்குதா. மூணுல ரெண்டு இருந்தா நல்ல நாள், டிக் போடுங்க. டிக் இல்லாத நாள் அதிகமாச்சுன்னா வாங்க, பேசுவோம்."

அடுத்த ஆறு வாரமும் காலண்டரில் டிக்காகவே இருந்தது.

ஒரு புதன்கிழமை, வேலைக்குப் போன வீட்டில் மின்சாரம் இல்லாததால் அவர் நடுப்பகலிலேயே திரும்பிவிட்டார். ஜன்னலருகே அக்கா கொக்கியை மடியில் வைத்திருந்தார். விரல் நுனியால் அதன் வாயைப் பிளந்து கூழைச் சொட்டுச் சொட்டாக விட்டார். கூழ் அப்படியே ஓரத்தில் வழிந்தது. துடைத்தார், மறுபடியும் விட்டார், மறுபடியும் வழிந்தது. பிறகு எழுந்துபோய்க் காலண்டரில் டிக் போட்டார்.

"அக்கா, இன்னிக்கு அது சாப்பிட்டுச்சா?"

அக்கா திடுக்கிட்டுத் திரும்பினார். "கொஞ்சம்."

"கண்ணைத் திறந்துச்சா?"

"நீ மட்டும் யோக்கியமா?" அக்காவின் குரல் உயர்ந்தது. "ஞாயித்துக்கிழமை நான் கடைக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள டிக் போட்டு வெச்சிருந்த. அன்னிக்கு முழுக்க அது அசையவே இல்ல."

அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"உனக்குத் தாங்காதேன்னு போட்டேங்கா."

"நானும் உனக்குத்தான்டா போட்டேன். அந்த மொத குட்டி விஷயத்துலேயே நீ பாதி ஆளாயிட்ட. இன்னொண்ணையும் நீயே தூக்கிக் குடுக்கணும்னா என்ன ஆவியோன்னு..."

"அப்போ கொக்கிக்காக நம்மள்ல யாருதாங்கா டிக் போட்டோம்?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காலண்டரை ஆணியிலிருந்து எடுத்துவந்தார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு நாளாக நினைவுபடுத்தி, பொய் டிக்குகளைக் கோடு போட்டு அடித்தார்கள். கடைசி மூன்று வாரத்தில் நான்கு டிக் மிஞ்சியது. "போன வெள்ளிக்கிழமையும் சந்தேகம்தான்" என்று அக்கா அதிலும் ஒன்றை அடித்தார்.

மறுநாள் காலை கொக்கியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள்.

டாக்டரம்மா உடனே ஊசியை எடுக்கவில்லை. மேசை மேல் வெந்நீர்ப் பையை வைத்து, அதன் மேல் துண்டை மடித்துப் போட்டு, கொக்கியைப் படுக்கவைத்தார். "உடம்பு சூடா இருந்தாத்தான் மருந்து ஒழுங்கா ஓடும். அவசரமே இல்ல." பை ஆறிப்போய் இரண்டு தடவை வெந்நீர் மாற்ற வேண்டியிருந்தது. பிறகு தூக்கத்துக்கான ஊசி. அக்கா உள்ளங்கையை அதன் தாடையின் கீழே கொடுத்தார். கொக்கி ஒரு கண்ணைத் திறந்து, மூடியது. டாக்டரம்மா அதன் விரலைக் கிள்ளிப் பார்த்தார். அசைவில்லை. கண்ணைத் தொட்டுப் பார்த்தார். அதன் பிறகே உயிரை அடக்கும் இரண்டாவது ஊசி.

நெஞ்சருகே வைத்த சின்னக் கருவியில் இதயத்தின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"இன்னும் உயிரோடவா இருக்கு?" என்று அவர் பயந்துபோய்க் கேட்டார்.

"அதுக்கு ஒண்ணும் தெரியாது. ஆழ்ந்து தூங்குது. இதுங்க இதயம் லேசுல நிக்காது. நிக்கற வரைக்கும் நான் இங்கேயே இருப்பேன்."

ஐம்பது நிமிடம் ஆயிற்று. "போதும்டா கண்ணு, போதும்" என்று அக்கா இடையிடையே சொல்லிக்கொண்டிருந்தார். சத்தம் நின்ற பிறகும், அது ஒருபோதும் விழிக்காது என்று உறுதி செய்ய இன்னொரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது, அதை நீங்கள் பார்க்க வேண்டாம் என்று டாக்டரம்மா இருவரையும் வெளியே அனுப்பினார்.

வெளி பெஞ்சில் உட்கார்ந்ததும் அவருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "அந்த மொத குட்டிக்கு இப்படி யாருமே இல்லியேக்கா" என்றார். அக்கா அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். டாக்டரம்மா துண்டோடு வெளியே வரும் வரை அப்படியே இருந்தார்கள்.

அந்த வாரமே தொட்டியின் நடுவில் தடுப்பு போட்டு ஜோடியைப் பிரித்தார். இனி முட்டை வேண்டாம் என்று இருவருக்கும் ஒரே முடிவு. இரண்டு மாதம் கழித்து, ப்ளைவுட் பெட்டி ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு மருத்துவமனைக்குப் போனார். உள்ளே சூட்டுக் கம்பி, சூடு மிஞ்சினால் தானே அணைந்துகொள்ள தெர்மோஸ்டாட், முன்னால் கண்ணாடிக் கதவு. அக்கா பழைய பருத்தித் துணியில் மெத்தை தைத்துக் கொடுத்திருந்தார்.

"வெந்நீர்ப் பை அடிக்கடி ஆறிப்போகுது இல்லீங்களா, அதான்" என்றார் அவர். டாக்டரம்மா கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார்.

கம்பியைச் சரிபார்க்க மாதம் ஒருமுறை போய்வருகிறார். ஒருநாள் அவர் போனபோது, ஓடு அழுகிப்போன ஆமையோடு ஒரு தையல்காரர் தனியாக உட்கார்ந்திருந்தார். ஆமை பெட்டிக்குள் இருந்தது.

"உள்ள அதுக்குக் குளிராதே?" என்று கேட்டார் தையல்காரர்.

"முப்பது டிகிரிங்க. கையை விட்டுப் பாருங்க."

தையல்காரர் கதவைத் திறந்து கையை உள்ளே விட்டார். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.