நுவரெலியாவில் ஓர் அறை

முதலில் என் எழுத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஐந்தாம் வகுப்போடு உப்பளத்துக்குப் போனவன் நான். எழுத்து ஒரு வரியில் நிற்காது, பிழைகளும் இருக்கும். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாட்டில் சண்டை முடிந்து மூன்றாம் வருடம், சாமான் வாங்கும் கடையில் ஒரு கலண்டர் தந்தார்கள். அதில் நுவரெலியா ஏரியின் படம். பின்னால் மலை, மலைக்கு மேல் பனிமூட்டம். என் மனைவி அதைக் குசினியில் அடுப்புக்கு எதிரே மாட்டினாள். எங்கள் பக்கம் ஒரு புறம் கடல், மறு புறம் களப்புத் தண்ணீர், நடுவில் தட்டையான மணல். தென்னோலைக் கிடுகு போட்டு மூடிய உப்புக் குவியல்தான் அவள் கண்ட பெரிய உயரம்.

அந்த வருடம்தான் சீனி வியாதி அவள் கண்ணில் இறங்கியிருப்பது தெரிந்தது. மருந்து எடுத்தோம். பார்வை போகப் போகக் குறையும், எவ்வளவு காலத்தில் என்று சொல்ல ஏலாது என்றார் டொக்டர். பஸ்ஸில் திரும்பும்போது அவள் கேட்டாள்:

"கண்ணு இரிக்கும்போதே அந்த மலையைப் பார்த்துட்டு வருவமா?"

நான் ஓம் என்றேன்.

உப்பளத்துக்காரனுக்கு மழை வந்தால்தான் லீவு. அதனால் நவம்பரில் போவதாக வைத்தோம். இரண்டு பகல், ஓர் இரவு. உப்பு ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய், கரட்டும் லீக்ஸும் ஏற்றி வருகிற லொறிக்காரர் எங்களை முன் சீட்டில் கூட்டிப்போகச் சம்மதித்தார். ஏரிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சின்னத் தங்குமிடத்தின் நம்பரையும் மட்டையில் எழுதித் தந்தார்.

"முதல்லயே கதைச்சு றூமைப் பிடி மச்சான். அங்க போய் மழையில நிண்டா, பொஞ்சாதி உன்னை ஏரியில தள்ளிப்போடுவா."

மற்ற எல்லாவற்றையும் மனைவி பார்த்தாள். புத்தளம் டவுனில் நடைபாதையில் இரண்டு பழைய சுவெட்டர் வாங்கித் துவைத்தாள். ஒன்றை நடுப்பகலில் போட்டுக்கொண்டு, வியர்வை ஒழுக ஒழுக, "அல்லாஹ், குளிர் தாங்க ஏலாதே" என்று எனக்கு முன்னால் நடுங்கிக் காட்டினாள். வழியில் தின்ன ரொட்டியும் கருவாட்டுச் சம்பலும் என்று முடிவு செய்தாள். எனக்கு மிஞ்சியது ஒரே வேலை. அந்த நம்பருக்குக் கதைப்பது.

நான் கூச்சப்படுகிறவன். கடையில்கூட விரலால் காட்டித்தான் சாமான் வாங்குவேன். சிங்களம் விளங்கும், வாயைத் திறந்தால் வராது. பள்ளிவாசல் மதிலுக்குப் பின்னால் போய் நின்று நம்பரை அழுத்தினேன். "ஹலோ, கியன்ன" என்றாள் ஒரு பெண், சொல்லுங்கள் என்று. மறுபடியும் கேட்டாள். போனை வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, "இடமில்லையாம்" என்றேன்.

"எல்லாருக்கும் இப்பதான் லீவு போல. சரி, அடுத்த மழைக்குப் போவம்."

அடுத்த மழைக்கு நான் நம்பரை அழுத்தவே இல்லை. "திருத்த வேலையாம், பூட்டியிரிக்காம்" என்றேன். லொறிக்காரரிடம் கேட்டிருக்கலாம், சிங்களம் கதைக்கிற எங்கள் மகளிடம் சொல்லியிருக்கலாம். ஒரு போன் கதைக்க ஏலாதவன் என்று தெரிந்துவிடுமே என்று இருந்தது. அதைவிடப் பொய் லேசாக இருந்தது.

அதற்குப் பிறகு அவள் கறிக்கு இரண்டு தரம் உப்புப் போடத் தொடங்கினாள். ஊசியில் நூல் கோர்க்க என்னைக் கூப்பிட்டாள். ஒருநாள் குசினியில் நின்றுகொண்டு, "கலண்டரைக் கழட்டிட்டீங்களா?" என்று கேட்டாள். கலண்டர் அவள் முகத்துக்கு நேரே தொங்கிக்கொண்டிருந்தது.

போன புதன்கிழமை மகள், புருஷன் வீட்டிலிருந்து வந்திருந்தாள். அலுமாரியில் அந்த மட்டையைக் கண்டு, என்ன நம்பர் என்று உம்மாவிடம் கேட்டுவிட்டு, அங்கேயே நின்று கதைத்தாள். ஒரு நிமிடம்தான்.

"எப்ப வேணுமெண்டாலும் வரட்டாம் உம்மா. மழை மாசத்துல அங்க ஆக்களே வாறதில்லையாம். எல்லா றூமும் சும்மாதான் கிடக்குமாம்."

"இப்ப என்னத்துக்கு மகள்? எனக்கு இங்கயும் இருட்டு, அங்கயும் இருட்டு." பிறகு நான் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "வாப்பாதான் பாவம். ரெண்டு வருஷமா எத்தினை தரம் கதைச்சுப் பார்த்தாரு. நமக்கு நஸீபு இல்லை."

மகள் என்னைப் பார்த்தாள். நான் எழும்பி வெளியே போய்விட்டேன்.

வாயால் சொல்ல எனக்கு முடியாது. இதை மகளிடம் கொடுத்து உம்மாவுக்கு வாசிக்கச் சொல்வேன். அவள் வாசித்து முடிக்கும் வரை பக்கத்துக் கதிரையில் இருப்பேன். இந்தத் தரம் எழும்பிப் போகமாட்டேன்.

2014 நவம்பர் 14, வெள்ளிக்கிழமை